பதினொன்று வரை

மணிக்கு இத்தனை பிராங் என்று
படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிற வேலை என்னுடையது.
ஒருவர் வாயிலிருந்து எடுத்து மற்றவர் காதில் வைப்பேன்.
நடுவில் என்னுடையது எதுவும் இருக்கக் கூடாது.

பேர்க்டோர்ஃப் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே எம்மே ஆறு, பனி உருகி மண்நிறத்தில்.
நிமலேந்திரன் கட்டிலில், மூக்கில் குழாய்.

வெள்ளிக்கிழமை வந்தபோது வயிறு கல்லாக இருந்தது.
டொக்டர் ஏபர்ஸோல்ட் இரண்டு விரலால் தட்டிக் கேட்டார்.
"நானும் இப்பிடித்தான்" என்றார் இவர், பல்லைக் கடித்தபடி,
"சீஸ் கிடங்கில சின்னச் சுத்தியலால தட்டிப் பாக்கிறனான்,
உள்ளுக்கு ஓட்டை எது, வெடிப்பு எது எண்டு."
அதையும் மொழிபெயர்த்தேன். டொக்டர் சிரிக்கவில்லை.
கேட்ட சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.
அன்றிரவே திறந்தார்கள்.

இன்று திங்கள். டொக்டர் கடதாசியில் குடல் வரைகிறார்,
பிள்ளைகள் வரையும் ரயில் பாதை மாதிரி.
சிக்கல் இங்கே. பழைய தழும்பு நாராகி
ஒரு வளைவை இழுத்து மடக்கியிருந்தது.
நாரை அறுத்துவிட்டோம். குடலை வெட்டவில்லை.
பேனா இரண்டு விரற்கடை தள்ளி நிற்கிறது.

"இதை யார் தைத்தது?"

சட்டைக்கும் குடலுக்கும்
இரண்டு மொழியிலும் ஒரே சொல். அது ஒரு உதவி.

"பேர் தெரியாது. பள்ளிக்கூடம். விஞ்ஞான அறை மேசை.
முதுகில ஒரு ஊசி. அதுக்குப் பிறகு வயிறு என்ரை இல்லை.
ஷெல் துண்டு மூண்டு இடத்தில கிழிச்சதாம்.
கிழிஞ்ச துண்டை வெட்டி எடுத்துப்போட்டு
முனையோட முனை வைச்சுத் தைச்சவர்.
பாட்டா செருப்பு போட்டிருந்தவர்.
ஒவ்வொரு முடிச்சுக்கும் மெதுவா எண்ணினவர்.
பதினொண்டு மட்டும் கேட்டனான்.
பிறகு பெரிய சத்தம். வெளிச்சம் நூந்து போச்சு.
பிறகு விடிஞ்சிருந்தது."

கடைசி வரியில் கொஞ்சம் நின்றேன்.
'காலையாக இருந்தது' என்று ஜெர்மனில் சொன்னேன்.
அது போதாது.

"பதினேழு" என்கிறார் டொக்டர்.
கறுப்பு நைலோன். எண்ணிப் பார்த்தாராம்,
உதவிக்கு நின்ற இளம் மருத்துவரையும் கூப்பிட்டுக் காட்டினாராம்.
முதல் பதினொன்றும் அளந்து வைத்த மாதிரி.
பிறகு ஒரு இடைவெளி.
மிச்சம் ஆறும் அகலக் கால் வைத்தவை,
முடிச்சு மறுபக்கம் சாய்ந்திருக்கிறது.
வேறு கை. இடக்கையாக இருக்கலாம்.
ஆனால் பதினாறு வருடம், சொட்டுக்கூட ஒழுகவில்லை.

வேறு கை.
தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை போல
அது என் தொண்டையில் நின்றது.
சொன்னேன்.

அவர் கூரையைப் பார்த்தார். வெகுநேரம்.
எம்மே ஆற்றுப் பாலத்தில் ஒரு ரயில் போய் முடிந்தது.

"அந்தப் பிள்ளை" என்றார், என்னிடம் மட்டும்.
"பக்கத்தில நிண்டு கத்தரிக்கோல் நீட்டினவ.
பதினெட்டு வயசும் இருக்காது.
இடக்கையாலதான் நீட்டினவ, ஓம்.
காலமை தேத்தண்ணியால உதட்டை நனைச்சுவிட்டதும் அவதான்.
டொக்டர் எங்கை எண்டு கேட்டன்.
நித்திரை எண்டு சொன்னவ."

இதைச் சொல்லவா என்று கேட்டேன்.
அவர் தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை.
டொக்டர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"உதவியாளர் ஒருத்தி இருந்தாளாம்" என்றேன்.
வேலைக்கு வந்த ஒன்பது வருடத்தில்
நான் வைத்துக்கொண்டது இதுதான்.

டொக்டருக்கு அடுத்த வார்டு இருக்கிறது.
போகுமுன் கேட்க வேண்டியது ஒன்று:
காற்றுப் பிரிந்ததா? பிரிந்தால் நாளைக்கு சூப்.
நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.
"இன்னும் இல்லை."

ஐம்பது நிமிடம் என்று படிவத்தில் எழுதும்போது
போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம்.
கதவடியில் டொக்டர் திரும்பினார்.
தாதி கடிகாரம் பார்த்து நேரத்தைக் குறித்தாள்.

அவர் கண்ணை மூடியிருந்தார்.
உதடு மட்டும் அசைந்தது.
பன்னிரண்டு. பதின்மூன்று.